கர்ப்பகால உயர் குருதியமுக்கம்: முன்கூட்டியே அறிய உதவும் பழைய விபரங்கள்

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தொன்று. முதற் பிள்ளை இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பிறந்தது. இப்போது சொந்தக் காணிக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தபடி, வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார். வயிற்றில் மூன்று மாதம். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் "முதற் பிள்ளை எப்படிப் பிறந்தது?" என்று கேட்கிறார். "சுகப்பிரசவம்" என்கிறார் தாய். அந்த ஒரு சொல் அட்டையில் எழுதப்படுகிறது.

தாய் சொன்னது பொய்யல்ல. வயிற்றில் வெட்டவில்லை, ஆயுதம் போடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எட்டு மாதம் நிறையமுன்னரே பிறந்தது. நிறை ஒரு கிலோ எழுநூறு கிராம். அதற்கு முன்னைய நாட்களில் தாய்க்கு முகமும் கைகளும் ஊதியிருந்தன. தலையிடி தாங்க முடியவில்லை. வைத்தியசாலையில் "பிரஷர் கூடிப்போச்சு" என்று சொல்லி ஊசி ஏற்றி, மருந்து வைத்து வலியை வரவழைத்தார்கள். பிள்ளை தப்பியது, தாயும் தப்பினார். அதனால் அவருடைய மனதில் அது நல்லபடியாக முடிந்த பிரசவம். அந்தக் காலத்து அட்டையோ, பைகளைத் தூக்கிக்கொண்டு மூன்று நான்கு இடம் மாறியதில் எங்கோ போய்விட்டது.

விளக்கத்துக்காகச் சொன்ன உதாரணம்தான் இது. ஆனால் பதிவுகள் தொலைந்த எந்த ஊரிலும் இப்படியான தாய்மார் இருப்பார்கள். இந்தத் தாய் சொல்லாமல் விட்ட விபரம், இரண்டாவது கர்ப்பத்தில் அவருக்கு ஆபத்து வருமா என்று கணிக்க வைத்தியருக்கு இருந்த மிக நல்ல தடயம். இந்தப் பாடம் அதைப் பற்றியது. கர்ப்பிணிகள் மட்டுமல்ல, அவர்களுடைய கணவர், அம்மா, மாமி, கூடப்பிறந்தவர்களும் வாசிக்க வேண்டும். பழைய கதைகளில் பாதி அவர்களுக்குத்தான் தெரியும்.

குருதியமுக்கம் ஏன் கூடுகிறது

நாங்கள் பிரஷர் என்று சொல்வது, இரத்தம் குழாய்களின் சுவரில் கொடுக்கும் அழுத்தம். கிளினிக்கில் இரண்டு எண்களாக எழுதுவார்கள். மேலே உள்ளது இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், கீழே உள்ளது இதயம் தளரும்போது உள்ளது. கர்ப்ப காலத்தில் மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் என்றால் அது உயர் குருதியமுக்கம். இரண்டில் ஒன்று கூடினாலே போதும். 160/110 அளவை எட்டினால் அது உடனடி வைத்தியசாலை அலுவல். "நாளைக்குப் பாப்பம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கர்ப்பத்துக்கு முன்னரோ முதல் 20 கிழமைகளுக்குள்ளோ கூடியிருந்தால், அது பெரும்பாலும் தாய்க்கு ஏற்கெனவே இருந்த நோய். 20 ஆம் கிழமைக்குப் பின் புதிதாகக் கூடினால் அது கர்ப்பத்தால் வந்தது. இப்படிக் கூடுவதோடு சிறுநீரில் புரதம் போதல், அல்லது ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளில் பாதிப்பு சேர்ந்தால் அதை முன்சூல்வலிப்பு என்பர். வைத்தியர்கள் வாயில் அது பிரீ எக்லம்சியா. அது முற்றி வலிப்பு வந்தால் சூல்வலிப்பு. வலிப்பு வந்த பெண்ணைப் "பேய் பிடிச்சிட்டுது" என்று வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் நேரத்தை இழந்த கதைகள் எங்கள் ஊர்களில் இல்லாமல் இல்லை. அது பேயுமல்ல, காக்கை வலிப்புமல்ல.

நோய் எங்கே தொடங்குகிறது என்பதை அறிந்தால், முன்கூட்டியே கணிப்பதில் ஏன் இவ்வளவு அவசரம் என்பது விளங்கும். கரு தங்கிய முதல் மாதங்களில், பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் கொடுக்கும் சூல்வித்தகம், அதாவது நாங்கள் நச்சுக்கொடி என்று சொல்லும் உறுப்பு, கருப்பைச் சுவருக்குள் வேர்விடுகிறது. அங்கே உள்ள தாயின் சிறிய இரத்தக் குழாய்கள் அகன்று பெரிதாக வேண்டும். வாய்க்கால் அகன்றால்தான் வயலின் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் பாயும். சில தாய்மாரில் அந்த வாய்க்கால் சரியாக அகலுவதில்லை. இரத்தம் போதாத சூல்வித்தகம் சில பதார்த்தங்களைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அவை உடல் முழுவதும் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது. பிள்ளையும் வளர்ச்சி குன்றுகிறது.

கவனியுங்கள். பிரஷர் ஏழாம் எட்டாம் மாதத்தில் கூடினாலும், அதற்கான காரணம் பல தாய்மாரில் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அப்போது தாய்க்கு ஒரு நோவும் இராது. தடுக்கும் மருந்து பயன்படக்கூடிய காலமும் அதுதான். ஆகவே நோய்க்குறி தெரியும்வரை காத்திருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும். நோய்க்குறி இல்லாத காலத்தில் யாருக்கு வரக்கூடும் என்று கணிப்பதற்குக் கையில் இருப்பது தாயின் பழைய கதையும் ஓர் அளவு நாடாவும் பிரஷர் பார்க்கும் கருவியும்தான்.

முதல் வருகையில் சொல்ல வேண்டியவை

மாதவிலக்குத் தள்ளிப்போய் கர்ப்பம் என்று தெரிந்த உடனேயே உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். திரும்பி வந்த இடத்தில் அவர் யார் என்று தெரியாவிட்டால் கிராம அலுவலரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ கேளுங்கள். காணிப் பிணக்குத் தீரவில்லை, வாக்காளர் பதிவு இன்னும் பழைய மாவட்டத்தில், குடும்ப அட்டை மாறவில்லை என்பதெல்லாம் இந்தப் பதிவைத் தள்ளிப்போடுவதற்குக் காரணங்களல்ல. நீங்கள் இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்களோ அந்த இடத்து உத்தியோகத்தரிடம் போகலாம்.

முதலில் முன்னைய கர்ப்பங்கள். முன்பு ஒருமுறை பிரஷர் கூடியிருந்தால் அதுதான் வைத்தியர் முதலில் அறிய வேண்டியது. முன்சூல்வலிப்பு வந்த தாய்மாரில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் அது வருகிறது. அந்தப் பிள்ளை 28 ஆம் கிழமைக்கும் 34 ஆம் கிழமைக்கும் இடையில் பிறந்திருந்தால் மூன்றில் ஒருவருக்கு வருகிறது. அதைத் திருப்பிப் பார்த்தால், கூடுதலான தாய்மாருக்கு மறுபடி வருவதில்லை என்பதும் உண்மை. ஆகவே இது பயப்படுவதற்கான கணக்கல்ல. எந்தத் தாயைக் கூடுதலாகக் கவனிப்பது என்று தெரிந்துகொள்வதற்கான கணக்கு.

"பிரஷர் இருந்ததா?" என்று நேரடியாகக் கேட்டால் பலருக்குத் தெரியாது. முகாமிலும் இடம்பெயர்ந்த வைத்தியசாலைகளிலும் நோயின் பெயரைச் சொல்லி விளக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. எனவே நோயின் பெயரைத் தேடாமல் நடந்ததை நினைவுபடுத்துங்கள். பிள்ளை எத்தனையாம் மாதத்தில் பிறந்தது? பிறந்தபோது எவ்வளவு நிறை? வலி தானாக வந்ததா, மருந்து வைத்து வரவழைத்தார்களா? "இனி வைச்சிருக்கேலாது" என்று சொல்லி அவசரமாக எடுத்தார்களா? தொடையிலோ கையிலோ மருந்து ஏற்றி, மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழங்காலில் தட்டிப் பார்த்தார்களா? மகனீசியம் சல்பேற்று என்ற வலிப்புத் தடுப்பு மருந்து கொடுக்கும்போது அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். ஆகவே அந்த ஒரு நினைவே வைத்தியருக்குப் பெரிய தகவல். பிரசவத்துக்குப் பின்னும் சில கிழமைகள் பிரஷர் குளிசை குடித்தீர்களா? பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்ததா?

கடைசிக் கேள்வி பல தாய்மாருக்குக் கொடியது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் இழந்தது ஒன்றல்ல. எல்லோர் முன்னாலும் வரிசையில் நின்று பதில் சொல்லத் தேவையில்லை. "தனியாகக் கதைக்க வேணும்" என்று உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மறுமணம் செய்த தாய்மாருக்கும் அதைத்தான் சொல்கிறோம். முதற் கர்ப்பத்தில் இந்த நோய் வரும் வாய்ப்புக் கூட. புதிய துணையுடன் தரிக்கும் முதற் கர்ப்பத்தையும் வைத்தியர்கள் அவதானத்தோடு பார்ப்பார்கள். அதற்காகத்தான் அந்தக் கேள்வி, வேறு எதற்கும் அல்ல.

அடுத்தது தாயின் உடல்நிலை. ஏற்கெனவே பிரஷர், நீரிழிவு, சிறுநீரக நோய், லூபஸ் போன்ற உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள் என்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே அந்தத் தாய் கூடிய ஆபத்து உள்ளவர். வட மத்திய மாகாணத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் வாழ்ந்தவர்களும், குடும்பத்தில் அந்த நோய் உள்ளவர்களும் அதைக் கேட்காமலே சொல்ல வேண்டும்.

இவற்றைவிட, தனியே நின்றால் அவ்வளவு பாரமில்லாத, ஆனால் இரண்டு சேர்ந்தால் கணக்கில் எடுக்க வேண்டிய விபரங்கள் உண்டு. முதற் கர்ப்பம், நாற்பது வயதும் அதற்கு மேலும், மிகையான உடற்பருமன், வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள், தாயினுடைய அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருத்தல், முன்னைய பிள்ளைக்கும் இந்தக் கர்ப்பத்துக்கும் இடையில் பத்து வருடத்துக்கு மேல் போயிருத்தல். கடைசியாகச் சொன்னது எங்கள் குடும்பங்களில் அடிக்கடி காண்பது. கணவர் தடுப்பில், வெளிநாட்டில், அல்லது குடும்பம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி தமிழ்நாட்டு முகாமில் என்று வருடங்கள் போய்விட்டன. திரும்பிச் சேர்ந்தபின் தரிக்கும் பிள்ளைக்கு அந்த இடைவெளியும் ஒரு காரணி. "மூத்தவன் பிறந்தபோது ஒன்றும் வரவில்லையே" என்ற ஆறுதல் இங்கே முழுமையாகச் செல்லாது.

இந்த விபரங்களை அம்மாவிடமும் கேளுங்கள். "நீ பிறக்கிறபோது எனக்குக் கால் முகம் எல்லாம் ஊதினது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். அது சாதாரண செய்தியல்ல. தமிழ்நாட்டில் இருந்து திரும்பியவர்கள் அங்கே பிள்ளை பெற்றிருந்தால், அந்த வைத்தியசாலைத் துண்டுகள், ஸ்கான் அறிக்கைகள் எதுவாயினும் கொண்டுபோய்க் காட்டுங்கள். படிவம் வேறாக இருந்தாலும் எண்கள் எங்கும் ஒன்றுதான்.

பழைய அட்டை தொலைந்தவர்கள் என்ன செய்வது? ஓர் அப்பியாசக் கொப்பியின் தாளை எடுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள்: எந்த வருடம், எந்த இடத்தில், எத்தனையாம் மாதம், என்ன நிறை, என்ன நடந்தது. எழுத முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளையிடம் சொல்லக்கூடியதை மட்டும். அந்தத் தாளை முதல் வருகைக்குக் கொண்டுபோங்கள்.

முதல் அளவை ஏன் முந்த வேண்டும்

ஐந்தாம் மாதத்தில் வந்து பதியும் தாய்க்கு 120/80 இருந்தால் "நல்லாயிருக்கு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் எல்லாத் தாய்மாருக்கும் குருதியமுக்கம் இயல்பாகவே சற்று இறங்கும். ஏற்கெனவே பிரஷர் உள்ள தாயின் அளவும் அப்போது இறங்கி, நோய் ஒளிந்துகொள்ளும். பிறகு எட்டாம் மாதத்தில் ஏறும்போது, இது பழைய நோயா புதிதாக வந்ததா என்று பிரித்தறிவது வைத்தியருக்குக் கடினம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஓர் அளவு கையில் இருந்தால் பின்னால் எடுக்கும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிடலாம். தொடக்கத்தில் 100/60 இருந்த தாய்க்குப் பின்னர் 135/85 வந்தால் அது இன்னும் 140/90 இல்லைத்தான். ஆனாலும் அதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

அளக்கும் முறையிலும் பிழை வரலாம். வெயிலில் மூன்று கட்டை நடந்து வந்த உடனே கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமர்ந்திருங்கள், காலைக் குறுக்கே போட வேண்டாம், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கியிருக்கட்டும், அளக்கும்போது கதைக்க வேண்டாம். கை பருத்தவர்களுக்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் அளவு கூடிக் காட்டும். பெரிய பட்டி இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை. ஒருமுறை கூடிக் காட்டியதால் மட்டும் நோய் என்று முடிவு செய்வதில்லை. மிக உயர்வாக இல்லாவிட்டால் சில மணித்தியாலம் கழித்து மறுபடி அளப்பார்கள். அளந்த எண்ணை ஒவ்வொரு முறையும் கேட்டறியுங்கள். "எல்லாம் சரி" என்பது பதிலல்ல, எண்தான் பதில்.

வெளிநாடுகளில் 11 முதல் 13 கிழமைக்குள் குருதியமுக்கம், கருப்பைக்குப் போகும் இரத்தக் குழாயின் டொப்ளர் ஸ்கான், சூல்வித்தகம் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு ஆகியவற்றைத் தாயின் விபரங்களோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். காலத்துக்கு முந்திப் பிள்ளை எடுக்க வேண்டி வரும் முன்சூல்வலிப்பில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கை அதனால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. அந்தப் பரிசோதனை உங்கள் கிளினிக்கில் இல்லையே என்று கவலைப்பட்டு, கடன் வாங்கித் தனியார் வைத்தியசாலைக்கு ஓட வேண்டாம். அந்தக் கணக்கும் தொடங்குவது தாயின் கதையில்தான். எந்த முறையிலும் தப்பிப்போகும் தாய்மார் உண்டு. ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதவர்களுக்கும் நோய் வரலாம். அதனால்தான் ஒவ்வொரு கிளினிக்கிலும் எல்லோருக்கும் பிரஷரும் சிறுநீரும் பார்க்கிறார்கள்.

அஸ்பிரினும் கல்சியமும்

கணித்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. கூடிய ஆபத்துள்ள தாய்க்கு வைத்தியர் சிறிய அளவு அஸ்பிரின் எழுதித் தருவார். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளுக்கு 75 மில்லிகிராம், 20 ஆம் கிழமைக்கு முன் தொடங்க வேண்டும். பல வைத்தியர்கள் 12 ஆம் கிழமையில் இருந்து தொடங்குவார்கள். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இஸ்ரேலிலும் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கூடிய ஆபத்துள்ளவர்கள் என்று கணிக்கப்பட்ட 1,776 தாய்மார் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத குளிசையும் கொடுத்தார்கள். 37 ஆம் கிழமைக்கு முன் பிள்ளை எடுக்க வேண்டி வந்த முன்சூல்வலிப்பு, மருந்தில்லாக் குளிசை குடித்தவர்களில் நூற்றுக்கு 4.3 பேருக்கும் அஸ்பிரின் குடித்தவர்களில் 1.6 பேருக்கும் வந்தது. மலிவான ஒரு சின்னக் குளிசைக்கு இது சிறிய பயனல்ல.

ஆனால் கடையில் தானாக வாங்கிக் குடிக்கும் குளிசையல்ல இது. தொய்வு உள்ளவர்கள், குடற்புண் உள்ளவர்கள், இரத்தக் கசிவு நோய் உள்ளவர்கள் முதலில் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் இன்னொன்றும் இருக்கிறது: டெங்கு. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். அஸ்பிரின் குடிக்கும் தாய்க்குக் காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியரிடம் போய், "நான் அஸ்பிரின் குடிக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை அடுத்த குளிசையைப் போட வேண்டாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்.

உணவில் கல்சியம் குறைந்த தாய்மாருக்குக் கல்சியக் குளிசையும் இந்த நோயைக் குறைக்கிறது. கிளினிக்கில் தருவதை ஒழுங்காகக் குடியுங்கள். இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்து ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். ஒன்று காலையில், ஒன்று இரவில் என்று பிரியுங்கள். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன், பால், தயிர் நல்லவை. அவை குளிசைக்கு ஈடல்ல, துணை.

உப்பில்லாமல் கஞ்சி குடித்தால் பிரஷர் வராது என்றும், முழுநாளும் படுத்தே இருக்க வேண்டும் என்றும் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அன்பால் சொல்வதுதான். ஆனால் உப்பை நிறுத்துவதாலோ படுக்கையில் கிடப்பதாலோ முன்சூல்வலிப்புத் தடைப்படுவதாகக் காணப்படவில்லை. வாய்க்கு உருசியில்லாமல் சாப்பாடு குறைவதுதான் மிச்சம். அதைவிட ஆபத்தான பழக்கம், அம்மாவினதோ மாமியினதோ பிரஷர் குளிசையை எடுத்துக் குடிப்பது. எனலாபிரில், லொசார்ட்டன் போன்றவை வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கர்ப்பத்துக்கு முன்பே அவற்றைக் குடித்துவந்த தாய், மாதவிலக்குத் தள்ளியதும் தானாக நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் போய் வேறு மருந்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரவில் வரும் நோய்க்குறி

கர்ப்பத்தில் கால் கொஞ்சம் ஊதுவது பலருக்கும் இயல்பு. முகமும் கைகளும் திடீரென ஊதி மோதிரம் இறுகினால் அது வேறு. பனடோலுக்கும் நிற்காத தலையிடி, கண்முன் பொறி பறத்தல், பார்வை மங்குதல், மூச்செடுக்கக் கஷ்டம், சிறுநீர் குறைதல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் எல்லாம் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை. இவற்றில் அதிகம் ஏமாற்றுவது மேல்வயிற்று நோ. நெஞ்சுக் குழியிலோ வலப்பக்க விலாவுக்குக் கீழோ நோவும் வாந்தியும் வந்தால் "காஸ்ட்ரிக்" என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறோம். ஆறு மாதத்துக்குப் பின் வரும் அந்த நோ ஈரல் பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். பிரஷர் பார்க்காமல் அதைக் காஸ்ட்ரிக் என்று தீர்மானிக்கக் கூடாது.

வலிப்பு வந்தால் தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் கரண்டியோ துணியோ திணிக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, நேரம்தான் போகும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியசாலையில் கொடுக்கும் மகனீசியம் சல்பேற்று ஊசி, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரில் பரீட்சிக்கப்பட்டு, வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைப்பதாக 2002 இல் நிறுவப்பட்ட மருந்து. அந்த ஊசி உள்ள இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேருவதுதான் குடும்பத்தின் வேலை.

புதிதாகத் திரும்பிய கிராமங்களில் அது இலகுவல்ல. பாதை குன்றும் குழியும், தொலைபேசிக்கு அலை இல்லாத இடங்கள், இரவில் யானை நிற்கும் காட்டோரம். ஆபத்துள்ளவர் என்று கணிக்கப்பட்ட தாயின் குடும்பம் ஏழாம் மாதத்துக்குள் சிலவற்றைப் பேசி வைக்க வேண்டும். எந்த ஓட்டோக்காரர் நடுச்சாமத்திலும் வருவார், எந்த இடத்தில் நின்றால் அலை கிடைக்கும், மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, பிரசவத்துக்குக் கிட்டிய நாட்களில் வைத்தியசாலைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டில் போய் நிற்கலாமா? கணவர் இல்லாமல் தனியாகக் குடும்பம் நடத்தும் தாய்மாருக்கு இது இரட்டைப் பாரம். மாதர் அபிவிருத்திச் சங்கத்திலோ அயலிலோ ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிள்ளை பிறந்த பின்னும்

பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். ஆனால் அன்றே நின்றுவிடாது. வலிப்பு பிரசவத்துக்குப் பின்னரும் வரலாம், கூடுதலாக முதல் இரண்டு நாட்களில், சிலருக்கு அதற்குப் பின்னரும். துடக்குக் காலம் என்று தாயை அறைக்குள் விட்டு, தலையிடியைக் "கண் முழிச்சதால வந்தது" என்று சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். எழுதித் தந்த பிரஷர் குளிசையைப் பால் கொடுக்கிறேன் என்று நிறுத்த வேண்டாம். பாலூட்டும் தாய்க்கு ஏற்றதைத்தான் வைத்தியர் தருவார்.

ஆறாம் கிழமைப் பரிசோதனையில் பிரஷரையும் சிறுநீரையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் வந்த தாய்க்குப் பிற்காலத்தில் உயர் குருதியமுக்கமும் இதய நோயும் வரும் வாய்ப்புக் கூட, ஆகவே அதன் பின்னும் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. வைத்தியசாலையை விட்டு வரும்போது நோயறிதல் துண்டைக் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், எத்தனையாம் கிழமையில் தொடங்கியது, ஆகக் கூடிய பிரஷர் எவ்வளவு, பிள்ளையின் நிறை எவ்வளவு என்று அதில் இருக்கிறதா என வாசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரும்படி தாதியிடம் கேளுங்கள். அதையும் கர்ப்ப அட்டையையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள சகோதரிக்கும் அனுப்பி வையுங்கள். மூலத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.